தாத்தாவின் 303-க்குப் புதுக் கட்டை போடலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரர். இப்போது துபாயில் வேலை. தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியவர். 1950-களில் லைசென்ஸ் எடுத்து ஒரு ரைஃபிள் வாங்கியிருக்கிறார். அவருக்குப் பின் லைசென்ஸ் அப்பா பெயருக்கு மாறி, ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டும் வந்திருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் அப்பா காலமாகிவிட்டார். துப்பாக்கி பீரோவில் துணி சுற்றி நிற்கிறது. பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐந்து தோட்டாக்கள். லைசென்ஸ் புத்தகத்தில் ‘.303 ரைஃபிள்’ என்று இருக்கிறது. துப்பாக்கியின் இரும்புக் கழுத்தில் ஒரு கிரீடம், ஜி.ஆர். என்ற எழுத்துகள், என்ஃபீல்ட், 1917 என்ற வருடம். உப்புக் காற்றில் பேரல் துருவேறி, பேரலைத் தாங்கும் மரமான முன்கட்டையின் பின்பக்கத்தில் விரிசலும் விட்டிருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் அத்தை மகன், “இந்த மரத்தைத் தூக்கிப் போட்டுட்டு அமெரிக்காவுல விக்கிற கறுப்பு பாலிமர் ஸ்டாக் ஒண்ணு போடுவோம் மச்சான். ஸ்கோப் மாட்டி, முனையில அஞ்சு அங்குலம் வெட்டினா கச்சிதமா இருக்கும்” என்கிறாராம். சித்தப்பாவோ, “அண்ணன் தொட்ட கட்டை, எங்கய்யா தொட்ட கட்டை. அப்படியே கெடக்கட்டும். ஒரிஜினலா இருந்தா லட்சக்கணக்குல போகும்” என்கிறார். அம்மாவுக்கு அது வீட்டை விட்டுப் போனால் போதும். வாசகரின் கேள்விகள்: யார் சொல்வது சரி? நூறு வருடம் தாண்டியதால் லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? அடுத்த மாதம் லீவுக்கு வரும்போது அந்த ஸ்டாக்கை லக்கேஜில் கொண்டுவரலாமா? விரிசலை ஊரில் உள்ள தோணி ஆசாரியிடம் கொடுத்துச் சரி செய்யலாமா?

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் கட்டையைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது, லைசென்ஸைப் பற்றி இரண்டே வரிதான். நான் அந்த இரண்டு வரியிலிருந்து தொடங்குகிறேன். கட்டைக்குக் கட்டாயம் வருவேன். அதில் எனக்கும் அபிப்பிராயம் உண்டு.

அப்பாவின் வாரிசுகள் என்ற முறையில் அந்தத் துப்பாக்கி உங்கள் குடும்பச் சொத்துதான். அதில் தகராறு இல்லை. ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை வேறு சங்கதி. லைசென்ஸ் ஒரு ஆளுக்குக் கொடுக்கப்படுவது, வீட்டுக்கு அல்ல. அது அப்பாவோடு முடிந்துவிட்டது. புத்தகத்தில் புதுப்பித்த காலம் இன்னும் மீதி இருக்கிறதே என்று நீங்கள் எழுதியிருப்பது பலரும் நினைப்பதுதான், ஆனால் தவறு. ஆயுதச் சட்டம் 1959-இன் 21-ஆம் பிரிவு, எந்தக் காரணத்தாலோ ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், தேவையற்ற தாமதம் இல்லாமல் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. துக்கம், கருமாதி, வெளிநாட்டு வேலை எல்லாம் கொஞ்ச நாளுக்கு விளக்கமாக நிற்கும். எட்டு மாதம் என்பது அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைய தேதியில் அந்த பீரோவைத் திறந்து பார்த்தால் சட்டத்தின் கண்ணில் தெரிவது, உரிமம் இல்லாத துப்பாக்கியும் உரிமம் இல்லாத தோட்டாவும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண ரகத் துப்பாக்கிக்கே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் சேர்த்து. நீங்கள் துபாயில் இருக்கிறீர்கள். பீரோ சாவி யாரிடம்? அம்மாவிடம். முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தானாக வந்து ஒப்படைப்பவரையும் சோதனையில் பிடிபடுபவரையும் போலீஸோ நீதிமன்றமோ ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்காக வழக்குத் தொடர, 39-ஆம் பிரிவின்படி மாவட்ட நிர்வாக நடுவரின், அதாவது ஆட்சியரின், முன் அனுமதி வேண்டும். வாரிசு மனுவோடு நீங்கள் போய் நிற்கப்போவதும் அந்த அலுவலகத்தில்தான். அங்கே உங்கள் பெயர் முதல்முறையாகப் போய்ச் சேருவது எஃப்.ஐ.ஆரிலா, நீங்களே எழுதிய கடிதத்திலா என்பதுதான் வித்தியாசம்.

நம் கடற்கரையில் இது கூடுதலாகப் பொருந்தும். 2018-இல் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது துருப்பிடித்த தோட்டாப் பெட்டிகள் வரிசையாக வெளியே வந்தது நினைவிருக்கும். இலங்கைச் சண்டைக் காலத்து மிச்சம் என்று பேசிக்கொண்டார்கள். மரைன் போலீஸ், உளவு பார்க்கும் கியூ பிரிவு போலீஸ், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை என்று இத்தனை பேர் கண் வைத்திருக்கும் கரையில், துருப்பிடித்த துப்பாக்கியை யாரும் தாத்தா ஞாபகமாக மட்டும் பார்க்க மாட்டார்கள். அத்தை மகன் அதைத் தோளில் சாய்த்துப் படம் எடுத்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். அரிவாளோடு ரீல்ஸ் போட்டதற்கே வழக்குப் பதிவாகும் பக்கம் நம்முடையது.

ஒப்படைக்கும் முறை

சாரத்தில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகும் வேலையே வேண்டாம். இப்போது வீட்டில் யாருக்கும் லைசென்ஸ் இல்லை. வழியில் நிறுத்தினால் சொல்லப் பதில் இருக்காது. முதலில் அம்மா பெயரில் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்: கணவர் இறந்த தேதி, லைசென்ஸ் எண், துப்பாக்கியின் எண், தோட்டாக்கள் ஐந்து, வாரிசுரிமைப்படி உரிமம் கேட்க இருக்கிறோம், அதுவரை ஒப்படைக்க விரும்புகிறோம், வந்து பெற்றுக்கொள்ளுங்கள் அல்லது கொண்டுவரும் முறையைச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலும் லைசென்ஸ் புத்தக நகலும் இணைப்பு. தாமதத்துக்குக் காரணம் எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘நேற்றுதான் பீரோவைத் திறந்து பார்த்தோம்’ என்று கதை கட்டினால் பிறகு எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ரசீதில் தயாரிப்பு, எண், போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) மட்டும் போதாது. ‘மரக்கட்டை முழுமையாக உள்ளது, முன்கட்டையின் பின்பகுதியில் விரிசல்’ என்று நிலையையும் எழுதி வாங்குங்கள். ஒப்படைக்கும் அன்று எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடியுமானால் ஸ்டேஷனை விட உரிமம் பெற்ற டீலரிடம் வைப்பது துப்பாக்கிக்கு நல்லது. மாதக் கட்டணம் வாங்குவார்கள், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள். ஸ்டேஷன் ஆயுத அறையில் மூலையில் சாத்தி வைத்து இரண்டு மழைக்காலம் போனால் சித்தப்பா போற்றும் கட்டை என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீலரிடம் கொண்டுபோவதாக இருந்தாலும் முதல் கடிதம் ஸ்டேஷனுக்குத்தான்.

அந்த ஐந்து தோட்டாக்களைத் துப்பாக்கியிலிருந்து தனியாக எண்ணுங்கள், ஏனென்றால் சட்டம் தனியாகத்தான் எண்ணுகிறது. ஒரு தோட்டா மட்டும் இருந்தாலும் வழக்குதான். ‘ஞாபகத்துக்கு ஒண்ணு’ என்று யாரும் எடுத்து வைக்கக் கூடாது. நீங்கள் மதுரை வழியாக விமானம் ஏறுபவர். பையின் அடியில் ஒரு பழைய தோட்டா தங்கியிருந்தால் அன்றைய பயணம் விமான நிலையக் காவல் நிலையத்தில் முடியும்.

நூறு வருடக் கணக்கு

1917-ஐக் கழித்துப் பார்த்து, ஆன்டிக் ஆகிவிட்டது, லைசென்ஸ் வேண்டாம் என்று அத்தை மகன் சொல்லியிருக்கிறார். சட்டத்தில் இப்படி ஒரு வாசல் இருப்பது உண்மை. 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரி அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அதே வரியில் நிபந்தனையும் இருக்கிறது: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைக் கழற்றி வைத்தால் போதும் என்ற யோசனை இங்கேதான் விழுகிறது. பின்னைத் திரும்பப் போட்டால் சுடும் என்றால் அது சுடும் துப்பாக்கிதான். வயது மட்டும் யாரையும் காப்பாற்றாது. லேத் பட்டறையில் பேரலை வெல்டிங் செய்து அடைத்துவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அதுவும் அனுமதி இல்லாமல் கைவைக்கும் வேலைதான்.

இன்னொரு வாசல் 2020-இல் திறந்தது. அரும்பொருள் வகையில் சேரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்று ஆயுத விதிகளில் திருத்தம் வந்தது. பயன்படுத்தவோ, எடுத்துச் செல்லவோ, இடம் மாற்றவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் பதியாமல் தோட்டா விற்கவும் கூடாது. உங்கள் துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை நீங்களும் நானும் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ள முடியாது. ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கலாம். பதில் வரும் வரை அது உரிமம் தேவைப்படும் ஆயுதம் என்றே நடந்துகொள்ளுங்கள்.

கேட்கப்போனால் ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள். பழம்பொருள், வரலாற்று மதிப்பு என்று எந்த வாதத்தை வைத்தாலும், துப்பாக்கி 1917-இல் பட்டறையை விட்டு வந்த கோலத்தில் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். கறுப்பு பிளாஸ்டிக்கும் ஸ்கோப்பும் மாட்டியதைக் கொண்டுபோய் வைத்து ‘இது சரித்திரம்’ என்றால் எதிரே இருப்பவர் சிரிப்பார்.

இனி கட்டை

‘ஸ்டாக்கை மாற்றக் கூடாது’ என்று ஒரு வரி சட்டத்தில் இல்லை. உரிமம் உள்ளவர், உரிமம் பெற்ற ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) கொடுத்து, எண்ணையும் பேரலையும் தொடாமல் ஒரு கட்டையைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் அதுவே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அத்தை மகனின் ஆசையில் அந்த அளவோடு நிற்பது எது என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

பேரலை வெட்டுவது: 6-ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் பேரலைக் குறுக்குவதை நேரடியாகத் தடுக்கிறது. தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். ஐந்து அங்குல இரும்புக்கு அது பெரிய விலை. இந்தப் பேச்சை விளையாட்டுக்குக்கூட வாட்ஸ்அப்பில் தொடராதீர்கள்.

எண்கள்: ஸ்கோப்புக்குத் துளை போடும்போதோ, துரு எடுக்க எமரி சீட் போடும்போதோ எண் தேய்ந்தால் 8-ஆம் பிரிவில் மாட்டும். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. பட்டாவுக்குச் சர்வே எண் போல, இந்தத் துப்பாக்கி உங்கள் தாத்தா வாங்கியதுதான் என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அந்த எண்தான்.

தோணி ஆசாரி: அவர் கையில் வேலைத்திறன் இருக்கிறது, லைசென்ஸ் இல்லை. 5-ஆம் பிரிவு துப்பாக்கி தயாரிப்பதை மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் உரிமம் பெற்றவர்களுக்கே விட்டிருக்கிறது. மீறினால் பேரல் வெட்டியதற்குள்ள அதே தண்டனைக் கணக்கு. அவரிடம் கொடுத்த குற்றத்துக்கு நீங்களும் பொறுப்பு. பாவம், வள்ளத்துக்குப் பலகை இழைத்துக்கொண்டிருக்கும் மனிதரை இதில் இழுக்காதீர்கள்.

லக்கேஜ்: வேண்டாம். ‘வெறும் பிளாஸ்டிக்தானே’ என்று கேட்கிறீர்கள். சட்டத்தின் வரையறையில் துப்பாக்கி என்றால் அதன் பாகங்களும் சேர்த்துத்தான். ஆயுத இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். சிறு பாகங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதபோதுதான் அது பொருந்தும். நீங்கள் கொண்டுவருவதே மாட்டுவதற்குத்தான். சுங்க அதிகாரியிடம் இதை விவாதிக்க விமான நிலையம் நல்ல இடமில்லை.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டும் பேசுவோம். ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம், எண் தெரியாதபடி மறைத்து உங்கள் படங்களைக் காட்டினேன். அவர் சொன்னதில் முக்கியமானவற்றைத் தருகிறேன்.

உங்களுடையது எஸ்.எம்.எல்.இ. என்று சுருக்கிச் சொல்லும் லீ-என்ஃபீல்ட். 1907-இல் பிரிட்டிஷ் படை எடுத்துக்கொண்ட மூன்றாம் மார்க் மாதிரியும், முதல் உலகப்போரின் நடுவில் வேகமாகச் செய்வதற்காகச் சில பாகங்களைக் குறைத்த அதன் தம்பியும் நம் ஊர்ப் போலீஸ் தோளில் நீண்ட காலம் தொங்கியவை. வங்காளத்து இச்சாபூர் தொழிற்சாலையிலும் இதையே செய்தார்கள். இந்த ரகத்தில் மரம் வெறும் பிடி அல்ல. பேரல் முனை வரை மரம் மூடியிருக்கும். மரம் இரும்பை எங்கெங்கே தாங்குகிறது, எங்கே அழுத்துகிறது என்பதை வைத்துத்தான் குறி நேராகப் போகும். முனையில் இருக்கும் இரும்பு மூடிதான் துப்பாக்கிமுனைக் கத்தியான பயனெட்டைப் பிடிக்கிறது. முன்குறிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் காதுகளும் அந்த மூடியோடு சேர்ந்தவை. வேட்டைத் துப்பாக்கி வடிவில் விற்கும் புதுக் கட்டையைப் போட்டால் மூடி போகும், காதுகள் போகும், மேல்மரம் போகும். பேரலில் உட்கார்ந்திருக்கும் பின்குறி, சுற்றி மரமில்லாமல் அம்மணமாக நிற்கும். அதை மறைக்க ஸ்கோப், ஸ்கோப்புக்குத் துளை. ஒன்றைத் தொட்டால் அடுத்ததைத் தொட வேண்டிவரும்; போட்ட துளையை அடைக்க முடியாது.

விரிசலைப் பற்றி அவர் சொன்னது இன்னும் சுவாரசியம். பின்கட்டையைப் பிடித்திருப்பது உள்ளே ஓடும் ஒரு நீண்ட போல்ட். அதன் முன்முனை சதுரம். அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்புறத்தில் பதித்த ஒரு சிறு தகட்டில் போய் அமர்ந்திருக்கும், போல்ட் தானாகத் தளராமல் இருக்க. முன்கட்டையைக் கழற்றாமல், பின்னால் இருந்து நீண்ட ஸ்க்ரூ டிரைவரை விட்டு அந்த போல்ட்டைத் திருகினால் சதுரம் திரும்பும், தகடு திரும்பும், மரம் பிளக்கும். உங்கள் படத்தில் விரிசல் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. என்றோ யாரோ அவசரப்பட்டுக் கழற்றியிருக்கிறார்கள். அதனால் யாரிடம் பழுதுக்குக் கொடுத்தாலும் ‘முதலில் முன்கட்டை, பிறகு பின்கட்டை’ என்று சொல்லிக் கொடுங்கள். அதைக் கேட்டு முழிப்பவராக இருந்தால் அவரிடம் கொடுக்காதீர்கள்.

உப்புக் காற்றைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். துரு வெளியே தெரிவதை விட மரத்துக்குள் மறைந்திருக்கும் பேரலின் அடிப்பக்கத்தில்தான் அதிகம் தின்னும். துணி சுற்றி வைத்தது தவறு. துணி ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். அந்தக் காலத்துப் படையில் மரத்துக்குச் சுத்தமான ஆளி விதை எண்ணெய், நீண்ட நாள் வைக்கும் இரும்புக்கு வாசலின் மாதிரியான ஜெல்லி. வார்னிஷ் அடிப்பதும், உப்புத்தாள் போட்டு இழைப்பதும் மரத்தில் குத்திய முத்திரைகளை அழித்துவிடும். இதையெல்லாம் டீலரிடம் சொல்லிச் செய்யுங்கள். இப்போது வீட்டில் எடுத்து வைத்துத் துடைக்க உட்கார வேண்டாம்.

மாற்றுபவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இந்தத் துப்பாக்கிகள் மலிவாகக் குவிந்தன. மான் வேட்டைக்கு எடை குறைய வேண்டும் என்று மரத்தை அறுத்தார்கள். அன்றைக்கு அவை அருமையானவை அல்ல. அப்படி அறுத்தவை போக மிஞ்சியவற்றுக்குத்தான் இன்று அங்கே மவுசு. தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட், பேரல், பின்குறித் தகடு, முனை மூடி, முன்கட்டை எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஏற்கெனவே அறுபட்ட துப்பாக்கிக்கோ, மரம் கரையான் தின்று போனதற்கோ புதுக் கட்டை போட்டால் அங்கேயும் யாரும் குறை சொல்வதில்லை. அவர்களுக்குச் சுடும் களம் இருக்கிறது, வேட்டைக்கு அனுமதி இருக்கிறது, தோட்டா கடையில் கிடைக்கிறது. புதுக் கட்டையால் ஒரு பயன் உண்டு.

உங்களுக்கு என்ன பயன்? அத்தை மகன் சீமைக்கருவேலங்காட்டுப் பன்றியைப் பற்றிப் பேசியிருக்கிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகாரியின் ஆணை இல்லாமல் அதைச் சுட்டால் அது தனி வழக்கு. சுடாத துப்பாக்கிக்கு எடை குறைந்த கட்டை எதற்கு என்பதுதான் என் கேள்வி. அதனால் கட்டை விஷயத்தில் நான் சித்தப்பா பக்கம். விரிசலை ஒட்டிச் சரிசெய்து அதே மரத்தோடு வைத்திருங்கள்.

ஆனால் சித்தப்பா சொல்லும் காரணம் சரியில்லை. லட்சக்கணக்கில் போகும் என்பது வெளிநாட்டு வீடியோவில் பார்த்த கணக்கு. இங்கே இதை உரிமம் உள்ளவருக்கு மட்டுமே, முறைப்படி மட்டுமே கொடுக்க முடியும். திறந்த சந்தை இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஆயுத ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருள் என்று ஆகிவிட்டால் 1972-இன் தொல்பொருள் சட்டம் தனியார் ஏற்றுமதியையே தடுக்கிறது.

யார் பெயரில், அல்லது யாரிடம்

ஆயுத விதிகள் 2016-இல் வாரிசுக்கு உரிமம் கொடுக்க இடம் இருக்கிறது. மனைவி, மகன், மகள், சகோதரர், மருமகள், மருமகன் வரை வாரிசு வரையறை விரிந்தது. நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால், ஊரில் நிலையாக இருக்கும் ஒருவர் பெயரில் கேட்பது புத்திசாலித்தனம்; மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பாவுக்கு இவ்வளவு பற்று இருந்தால், இறந்தவரின் சகோதரர் என்ற முறையில் அவரே கேட்கலாம். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எடுக்கவும், போலீஸ் விசாரணைக்கு நிற்கவும் அவர் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெயரில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், வாரிசாக வருவதையும் சேர்த்து இரண்டுக்கு மேல் கூடாது என்பது 2019 முதல் உள்ள வரம்பு.

இரண்டு தடைகளை எதிர்பாருங்கள். ஒன்று, ராணுவத் தோட்டாவை ஏற்கும் .303 தடைசெய்யப்பட்ட போர் வகையில் வைக்கப்பட்டது. சாதாரண லைசென்ஸ் போல ஆட்சியர் மட்டத்தில் முடியாது. மனு அவர் வழியாக மத்திய உள்துறை வரை போகும். இரண்டு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது உரிமம் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும். மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் உங்கள் பக்கம்தான். ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு உதவப்போவது அப்பாவின் டிரங்குப் பெட்டி. ஒவ்வொரு தேர்தலின்போதும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகளை அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். தாத்தா காலத்து உரிமத்திலிருந்து இன்றுவரை அதே எண், அதே துப்பாக்கி, சட்டப்படி இருந்தது என்பதைத் தொடர்ச்சியாகக் காட்ட அவற்றை விடச் சிறந்த காகிதம் இல்லை. மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு உண்டு.

அம்மா சொல்வதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தனியாக இருக்கும் வீட்டில் இது நிற்பதை அவர் விரும்பவில்லை. சட்டம், பாசம் இரண்டையும் தாண்டிய நியாயம் அது. வீட்டில் வைக்க வேண்டாம் என்று முடிவானால், இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பொறுப்பில் சேதுபதிகள் காலத்து ஆயுதங்கள் அங்கே காட்சியில் உள்ளன. சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் உண்டு. உங்கள் துப்பாக்கி அரிதான ரகம் இல்லை என்பதால் எடுத்துக்கொள்வார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தாத்தாவின் படைப்பணிச் சான்று, பர்மா போன விவரம், 1950-களின் லைசென்ஸ், மாற்றாத மரக்கட்டை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு துப்பாக்கி ஒரு குடும்பக் கதையாகப் போய்ச் சேரும். அதை ஏற்பதற்கு வாய்ப்பு அதிகம். ஒப்புக்கொண்டால் ஸ்டேஷனிலிருந்தோ டீலரிடமிருந்தோ நேராக அங்கே போகலாம். திரும்ப உங்கள் பீரோவுக்கு வர வேண்டியதில்லை.

லீவுக்கு அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேஷனுக்கான கடிதத்தை அதுவரை தள்ளிப் போட வேண்டாம். அம்மா கையெழுத்துப் போதும். சித்தப்பா கூடப் போகட்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.